அட்டைக்குள் அடங்கிய பணம்

தருமபுரி நகரப் பேருந்து நிலையத்தில் காலை வேளையில் நின்று பார்ப்போர்க்கு ஒரு காட்சி தவறாமல் கிட்டும். பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் வரும் பேருந்துகளில் மக்கள் நெருங்கி நிற்பர். நடத்துநர் அந்நெரிசலின் ஊடே புகுந்து பயணச்சீட்டு வழங்கிக்கொண்டே வருவார். பயணி ஒருவர் 100 ரூபாய்த் தாளை நீட்டுவார். அவர் செல்லவேண்டிய ஊருக்குக் கட்டணம் 17 ரூபாய் என்று கொள்வோம். "சில்லறை இல்லையா?" என்று நடத்துநர் வினவுவார். "இருந்தால் கொடுக்கமாட்டேனா?" என்று பயணி விடை கூறுவார். பின்னர் நடத்துநர் சீட்டின் பின்புறத்தில் மீதித் தொகையைக் குறித்துக் கொடுத்து, "இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அப்பால் நகர்வார். இறங்கும் அவசரத்தில் அம்மீதியை மறந்துவிட்டுப் போவோரும் உளர். கூலி வேலைக்குச் செல்லும் ஒருவர்க்கு அத்தொகை ஒரு நாளைய உணவின் விலையாகும். இழந்தவர் மனம் வருந்துகிறார். நடத்துநரோ தம்மீது பழி வந்ததே என்று வருந்துகிறார். இருவரும் நல்லவரே. சில்லறை இல்லாமையே இருவரையும் பகைவர் ஆக்குகிறது.

இச்சிறு தொல்லையை நீக்குவதற்கு உலகின் பல நகரங்களில் ஒரு வழி கண்டுள்ளனர். முன்னரே பணம் ஏற்றிவைத்த ஓர் அட்டையைப் பயணி தம்முடன் எடுத்துச் செல்கிறார். பேருந்திலோ இரயில் நிலையத்திலோ உள்ள கருவியின் அருகே அதனைக் காட்டுகிறார். கட்டணம் காசு பிசகாமல் கழிக்கப்படுகிறது. மீதி கொடுப்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. அவ்வட்டை எவ்வாறு தொழிற்படுகிறது, எவ்வெந்நாடுகளில் எவ்வாறு பயன்பட்டு வருகிறது, அதனைக் கையாள்வோர் எவற்றில் விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பணம் என்பது மக்கள் தமக்குள் செய்துகொண்ட ஓர் உடன்பாடே அன்றி வேறன்று. பண்டைக் காலத்தில் உமணர் என்னும் உப்பு வணிகர் கடற்கரையிலிருந்து உப்பு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்று, உப்புக்கு மாற்றாக நெல்லைப் பெற்றனர். பொருளுக்குப் பொருள் கொடுத்த காலம் அது. பின்னர்ப் பொன்னாலும் வெள்ளியாலும் செம்பாலும் ஆன காசுகள் வழங்கலாயின. உரோம நாட்டுக் காசுகள் கொங்கு நாட்டில் பல இடங்களில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன. காசுகளைச் சுமப்பது அரிதாயிற்று. அவற்றின் இடத்தில் தாள் வந்தது. தாளில் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. இத்தொகையைத் தருவேன் என்று ரிசர்வ் வங்கி அளிக்கும் உறுதிமொழியே அதற்கு மதிப்பு. உப்பிலிருந்து காசுக்கும், காசிலிருந்து தாளுக்கும் வந்த மக்கள், இப்பொழுது தாளிலிருந்து அட்டைக்கு வந்திருக்கின்றனர். ஒவ்வொரு படியிலும் கைச்சுமை குறைந்தது. ஆயினும் ஒருவர்மேல் ஒருவர் வைக்கவேண்டிய நம்பிக்கை மிகுந்தது.

அட்டை என்றவுடன் எல்லா அட்டைகளும் ஒன்றே என்று கருதிவிடலாகாது. அவற்றை மூவகையாகப் பிரித்து அறிதல் நன்று.

முதல் வகை, உரிமையைக் காட்டும் அட்டை. அரசு பள்ளி மாணவர்க்கு வழங்கும் கட்டணமில்லாப் பயண அட்டை இவ்வகையைச் சார்ந்தது. அதனுள் பணம் ஏதும் இல்லை. 'இம்மாணவர் கட்டணமின்றிச் செல்ல உரியவர்' என்னும் செய்தியே அதில் உள்ளது. இரண்டாம் வகை, திறவுகோல் போன்ற அட்டை. வங்கி தரும் அட்டை இத்தகையது. பணம் வங்கிக் கணக்கில் இருக்கும். அட்டை அக்கணக்கைத் திறந்து காட்டும். மூன்றாம் வகை, பணப்பை போன்ற அட்டை. இதில் ஏற்றிய தொகை அட்டைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்டது இம்மூன்றாம் வகையே.

இவ்வட்டையின் உள்ளமைப்பு வியப்பூட்டுவது. மேலே பார்த்தால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. மின்கலம் அதில் இல்லை, பொத்தானும் இல்லை. அதன் தகடுகளுக்கு இடையே இரண்டு பொருள்கள் மறைந்துள்ளன. ஒன்று, விரல் நகத்தினும் சிறிய ஒரு சில்லு. மற்றொன்று, அச்சில்லுடன் இணைந்து அட்டையின் ஓரங்களை ஒட்டிப் பலமுறை சுற்றிவரும் மெல்லிய கம்பிச் சுருள். சில்லுப் பதித்த அட்டை என்னும் கருத்துக்குச் செருமானிய அறிஞர் இருவர் 1960-களின் இறுதியில் வித்திட்டனர். பிரான்சு நாட்டு ரோலான் மொரேனோ என்பார் 1974-இல் தம் அமைப்புக்குக் காப்புரிமை கோரினார்.

மின்கலம் இல்லாத அட்டைக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இவ்வினாவுக்கு விடை காண நாம் 1831-ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டில் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிவியலறிஞர் ஓர் உண்மையைக் கண்டார். கம்பிச் சுருளைச் சூழ்ந்துள்ள காந்தப்புலம் மாறும்போது அக்கம்பியில் மின்னோட்டம் பிறக்கிறது என்பதே அது. மின்னாக்கிகள் யாவும் இவ்வுண்மையைப் பற்றியே இயங்குகின்றன. மேட்டூரில் காவிரி நீர் சுழற்றும் பெரும் பொறிக்கு எந்த விதி பொருந்துமோ, அதே விதிதான் நம் கையிலுள்ள சிற்றட்டைக்கும் பொருந்துகிறது.

நிலையத்தின் வாயிலில் உள்ள கருவி, நொடிக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் முறை அலையும் காந்தப்புலத்தைத் தன்னைச் சுற்றிப் பரப்புகிறது. அட்டையை அதன் அருகே, சில விரற்கடைத் தொலைவுக்குள், கொண்டு சென்றவுடன் அட்டைக்குள் உள்ள கம்பிச் சுருளில் சிறிதளவு மின்சாரம் பிறக்கிறது. உறங்கிக்கொண்டிருந்த சில்லு அம்மின்சாரத்தால் விழித்துக்கொள்கிறது. உடனே கருவியும் சில்லும் மறைமொழியில் ஒன்றையொன்று வினவி, 'நீ மெய்யான அட்டைதானா? நீ மெய்யான கருவிதானா?' என்று உறுதி செய்துகொள்கின்றன. அதன்பின் கருவி, அட்டையில் உள்ள தொகையைப் படிக்கிறது; கட்டணத்தைக் கழிக்கிறது; புதிய மீதியை எழுதிவிடுகிறது. அட்டையை விலக்கியதும் சில்லு மீண்டும் உறங்கிவிடுகிறது. இத்தனையும் நடந்து முடிய அரை நொடிக்கு மேல் ஆவதில்லை.

மெட்ரோ இரயிலில் கட்டணம் தொலைவைப் பொறுத்தது. ஆகவே, உள்ளே நுழையும்போது எந்த நிலையம் என்பது மட்டும் அட்டையில் குறிக்கப்படுகிறது. வெளியேறும் நிலையத்தில் அக்குறிப்பைப் படித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட கட்டணத்தைக் கருவி கழித்துக்கொள்கிறது. நுழையும்போது காட்டிய அட்டையையே வெளியேறும்போதும் காட்டவேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுவே.

பணப்பை போன்ற அட்டையை மக்கள் வாழ்வில் பரவச்செய்த பெருமை ஹாங்காங் நகருக்கு உரியது. அங்கு 1997-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் 'ஆக்டோபஸ்' என்னும் அட்டை வழக்கிற்கு வந்தது. ஆக்டோபஸ் என்பது எட்டுக் கைகளை உடைய கடல் உயிர். எத்திசையிலும் கை நீட்டும் அட்டை என்பது பெயரின் கருத்து. ஏறத்தாழ 65 இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரில், முதல் மூன்று மாதங்களுக்குள் 30 இலட்சம் அட்டைகள் மக்கள் கைக்குச் சென்றன. இவ்விரைவுக்குக் காரணங்கள் சில உண்டு. இரயில் நிறுவனங்கள் தம் பழைய காந்தப்பட்டைச் சீட்டுகளை மாற்றிக்கொள்ளுமாறு பயணிகளை வற்புறுத்தின. அவ்வாண்டு ஜூலையில் ஹாங்காங் பிரித்தானியர் ஆட்சியிலிருந்து சீனாவுக்கு மாறியது. அரசியின் தலை பொறித்த பழைய காசுகளின் மதிப்பு உயரும் என்று எண்ணிப் பலர் அவற்றைப் பதுக்கி வைத்தனர். அதனால் நகரில் சில்லறைத் தட்டுப்பாடு ஏற்பட்டது. நம்மூர்ப் பேருந்தில் நாம் காணும் அதே தொல்லை, கடல் கடந்த ஒரு பெருநகரில் புதிய அட்டைக்கு வழி திறந்துவிட்டது! காலப்போக்கில் இரயில், பேருந்து, படகு ஆகியவற்றோடு நில்லாமல், கடைகளிலும் உணவகங்களிலும் வண்டி நிறுத்துமிடங்களிலும் அவ்வட்டை செல்லுபடியாயிற்று.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில் 'ஈசி-லிங்க்' என்னும் அட்டை 2002-இல் வந்தது. அங்கு வாழும் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதனைப் பயன்படுத்திப் பழகினர். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நாட்டுத் தரைப்போக்குவரத்து ஆணையம், பணத்தை அட்டைக்குள் வைக்கும் முறையை ஜூன் மாதத்தோடு விலக்கிவிட்டுக் கணக்கில் வைக்கும் முறைக்கு அனைவரையும் மாற்றப்போவதாக அறிவித்தது. புதிய முறையில் வசதிகள் பல இருந்தன. ஆனால், வாயிலில் அட்டையைக் காட்டும்போது கழிந்த கட்டணமும் எஞ்சிய தொகையும் திரையில் தோன்றமாட்டா. அவற்றைக் கைப்பேசியில்தான் பார்க்கவேண்டும். மக்கள் இதனை ஏற்கவில்லை. 'என் பணம் எவ்வளவு மீந்திருக்கிறது என்பதை அவ்விடத்திலேயே நான் காணவேண்டும்' என்பதே அவர்கள் முறையீடு. இரண்டு வாரங்களுக்குள் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டு, பழைய முறையைத் தொடர்ந்து நடத்த மேலும் 4 கோடி வெள்ளி செலவிட ஒப்பியது. செலவழிப்பவன் தன் கணக்கைத் தானே காண விரும்புவது இயல்பு. அவ்விருப்பத்தைப் புறக்கணிக்கும் எந்தப் புதுமையும் மக்கள் மனத்தில் இடம்பெறாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இந்தியாவில் நகரந்தோறும் தனித்தனி அட்டை இருந்தது. தில்லி அட்டை பெங்களூரில் செல்லாது. பெங்களூர் அட்டை சென்னையில் செல்லாது. இக்குறையைப் போக்க, நாடெங்கும் செல்லும் பொதுப் போக்குவரத்து அட்டை 2019-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் அகமதாபாத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை மெட்ரோ இரயில் 2015-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதன்முதல் ஓடியது. அந்நிறுவனமும் பாரத ஸ்டேட் வங்கியும் இணைந்து, 2023-ஆம் ஆண்டு சித்திரை முதல் நாளாகிய ஏப்ரல் 14-இல் அப்பொது அட்டையைச் 'சிங்காரச் சென்னை அட்டை' என்னும் பெயரில் வெளியிட்டன. 2025 ஜனவரியில் சென்னை மாநகரப் பேருந்துகளிலும் அது பயன்பாட்டுக்கு வந்தது. இத்தகைய அட்டையின் பணப்பையில் 2,000 ரூபாய்க்கு மேல் வைத்தல் இயலாது. சிறு செலவுகளுக்கு உரிய பை, சிறியதாகவே இருக்கவேண்டும் என்பது அவ்விதியின் நோக்கம்.

மெட்ரோ இரயில் இல்லாத தருமபுரி மாவட்டத்து மக்கள் இதனை ஏன் அறிந்திருக்கவேண்டும் என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியை மனக்கண்முன் கொண்டு வாருங்கள்.

பாலக்கோட்டுப் பக்கத்து முதிய உழவர் ஒருவர். தக்காளித் தோட்டத்தில் உழைத்து முதிர்ந்தவர். அவர்தம் கண்களில் ஒளி மங்கிவருகிறது. 1819-இல் தொடங்கப்பெற்ற எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்ல, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி உடன் வருகிறாள். இருவரும் மொரப்பூரில் இரயில் ஏறிச் சென்னை சென்ட்ரல் நிலையத்தில் இறங்குகின்றனர். அங்கிருந்து எழும்பூர் அடுத்த மெட்ரோ நிலையமே. சென்னையில் வேலை செய்யும் அவள் மாமா ஊருக்கு வந்திருந்தபோது தம் அட்டையைத் தாத்தாவிடம் கொடுத்திருந்தார். முதல் நாள் இரவுதான் கைப்பேசி வழியாக அதில் 100 ரூபாய் ஏற்றியிருந்தார். ஓர் அட்டையில் ஒருவரே செல்லலாம் என்பதால் பேத்தி தனக்கென்று ஒரு பயணச்சீட்டு வாங்கிக்கொண்டாள். சீட்டைக் காட்டியதும் கதவு திறந்தது. அவள் உள்ளே சென்றுவிட்டாள். பின்னால் வந்த தாத்தா அட்டையைக் காட்டினார். கதவு திறக்கவில்லை. மீண்டும் காட்டினார். அப்பொழுதும் திறக்கவில்லை. பேத்தி அப்புறம், தாத்தா இப்புறம். பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்தனர். மங்கிய கண்களுக்குத் திரையில் வந்த எழுத்துகள் தெரியவில்லை.

"தாத்தா, அங்கேயே நில்லுங்கள், எங்கும் போகாதீர்கள்!" என்று பேத்தி குரல் கொடுத்தாள்.

அருகில் இருந்த பணியாளர் வந்தார். "ஐயா, அட்டையைத் தாருங்கள், பார்க்கிறேன்" என்று வாங்கிப் பார்த்தார். "பணம் செலுத்தியிருக்கிறார்கள். ஆனால் அது இன்னும் அட்டைக்குள் எழுதப்படவில்லை. இந்தக் கருவியில் ஒருமுறை வைத்தால் ஏறிவிடும்" என்று சொல்லி, சுவர் ஓரம் இருந்த கருவியில் அட்டையை வைத்தார். திரையில் 100 ரூபாய் தோன்றியது. பின்னர் வாயிலில் காட்டினார், கதவு திறந்தது. "பணம் கொடுத்த பிறகும் கதவு திறக்கவில்லையே என்று பயந்துவிட்டேன், தம்பி" என்றார் முதியவர். பேத்தி அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

இங்கு நிகழ்ந்தது என்ன? கைப்பேசியில் செலுத்திய பணம் வங்கியை அடைந்துவிட்டது. ஆனால் அட்டையோ பெங்களூர்ச் சாலையிலும் இரயிலிலும் முதியவரின் பையிலேயே கிடந்தது. கம்பியும் இல்லை, அலையும் இல்லை. அச்செய்தி அட்டையைச் சென்று சேர்வது எவ்வாறு? கருவி ஒன்றின் அருகே வைத்தபோதுதான் அட்டை விழித்தது. புதிய தொகை அதில் எழுதப்பட்டது. பணம் அட்டைக்குள்ளேயே இருக்கிறது என்னும் அடிப்படை உண்மையை அறிந்தவர்க்கு இதில் குழப்பம் இல்லை. அறியாதவர்க்கோ நடுக்கம். வேலைக்கும் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் நம் மாவட்டத்து மக்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் நாள்தோறும் செல்கின்றனர். அப்பொது அட்டை பெங்களூர் மெட்ரோவிலும் ஏற்கப்படுகிறது. ஆகவே, இவ்வறிவு நமக்கு அயலானதன்று.

பணம் கணக்கில் இருக்கும் முறைக்கும், அட்டைக்குள் இருக்கும் முறைக்கும் உள்ள வேறுபாட்டை நம் மாவட்டத்திலேயே காணலாம். நம் மாவட்டத்தின் ஊடே செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியைக் கடக்கும் வண்டிகளின் முகப்புக் கண்ணாடியில் 'பாஸ்டேக்' என்னும் ஒட்டுச்சீட்டைப் பார்த்திருப்பீர்கள். 2021 பிப்ரவரி மாதம் முதல் அது கட்டாயம் ஆக்கப்பட்டது. அதிலும் மின்கலம் இல்லாத சில்லு உண்டு. எனினும், அதனுள் பணம் இல்லை. ஓர் எண் மட்டுமே உள்ளது. சாவடியில் உள்ள கருவி அவ்வெண்ணைப் படிக்கிறது. அவ்வெண்ணோடு இணைந்த கணக்கிலிருந்து கட்டணம் கழிக்கப்படுகிறது. ஒட்டுச்சீட்டு ஒரு திறவுகோல். பயண அட்டையோ ஒரு பணப்பை.

இவ்விரண்டில் எது சிறந்தது? இடமறிந்து சொல்லவேண்டும். கணக்கு முறையில் அட்டை தொலைந்தாலும் பணம் தொலைவதில்லை. ஆனால் கணக்கோடு தொடர்பு கொள்ள அலைவரிசை வேண்டும். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிகளில் கைப்பேசி அலை எட்டாத இடங்கள் உண்டு. அத்தகைய இடத்தில் பேருந்து நின்றாலும், அட்டையும் கருவியும் நேருக்கு நேர் பேசிக் கணக்கை முடித்துக்கொள்ளும் திறன் பணப்பை அட்டைக்கு உண்டு. தேநீர்க் கடையிலும் காய்கறிக் கடையிலும் கட்டம் போட்ட படத்தைக் கைப்பேசியால் படம் பிடித்துப் பணம் செலுத்துகிறோம். அதற்குக் கைப்பேசி வேண்டும்; அதில் மின்னேற்றம் வேண்டும்; அலை வேண்டும்; வங்கிக் கணக்கும் வேண்டும். சிறுவர்க்கும் முதியோர்க்கும் இவை நான்கும் ஒருங்கே அமைதல் அரிது. அட்டைக்கோ அதனை நீட்டும் கை ஒன்றே போதும்.

நன்மைகளை அறிந்ததோடு அமையாமல், இவ்வட்டையைக் கையாள்வோர் மனத்தில் இருத்தவேண்டிய சிலவற்றையும் அறிதல் வேண்டும்.

முதலாவது, அட்டைக்குள் இருக்கும் தொகை சட்டைப்பையில் வைத்த பணம் போன்றது. தொலைந்த பணப்பை மீள்வது அரிது. தொலைந்த அட்டையில் இருந்த தொகையும் அத்தகையதே. சிறு கட்டணங்களுக்கு மறை எண் எதுவும் கேட்கப்படுவதில்லை. எடுத்தவர் அதனைப் பயன்படுத்திவிட இயலும். ஆகவே, ஒரு வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ வேண்டிய தொகையை மட்டும் ஏற்றிக்கொள்வதே அறிவுடைமை.

இரண்டாவது, காசைக் கையால் எண்ணிக் கொடுக்கும்போது செலவின் வலி தெரிகிறது. அட்டையை அசைத்துக் கொடுக்கும்போது அவ்வலி தெரிவதில்லை. ஆகவே, திரையில் தோன்றும் மீதியை ஒவ்வொரு முறையும் நோக்கும் பழக்கம் வேண்டும். சிங்கப்பூர் மக்கள் போராடிக் காத்துக்கொண்ட அவ்வுரிமையை நாம் கண்ணெடுத்தும் பாராமல் விட்டுவிடலாமா?

மூன்றாவது, ஏற்றிய பணம் செலவழியும்வரை யாரிடம் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஓர் இலட்சம் பேர் ஆளுக்கு 100 ரூபாய் ஏற்றி வைத்தால், அத்தொகை 1 கோடி ரூபாய் ஆகிறது. தனிமனிதர்க்குச் சிறுதொகை, வைத்திருக்கும் நிறுவனத்துக்கோ பெருந்தொகை. 'சிறு துளி பெரு வெள்ளம்' என்பது இதுதான். அப்பணம் பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்பதற்காகவே, இத்தகைய முன்பணக் கருவிகளை வெளியிடுவோர் ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்டு நடத்தல் வேண்டும் என்று சட்டம் கூறுகிறது.

நான்காவது, அட்டை பணத்தை மட்டும் சுமப்பதில்லை. நாம் சென்ற வழியையும் சுமக்கிறது. எந்நாள், எந்நேரம், எந்நிலையத்தில் ஏறி எங்கு இறங்கினோம் என்பன எல்லாம் பதிவாகின்றன. காசு கொடுத்துச் செல்பவர் இத்தகைய தடத்தை விட்டுச் செல்வதில்லை. ஹாங்காங் அட்டை நிறுவனம், ஏறத்தாழ 20 இலட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்களைப் பிற நிறுவனங்களுக்கு விற்றது 2010-இல் வெளியாயிற்று. மக்கள் சினங்கொண்டனர், அதன் தலைமை அலுவலர் பதவி விலக நேர்ந்தது. புகழ்பெற்ற ஓர் அமைப்பும் மக்களின் நம்பிக்கையை ஒரே செயலால் இழக்கக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஐந்தாவதாகச் சொல்வது யாவற்றினும் இன்றியமையாதது. அட்டை வந்துவிட்டது என்பதற்காகக் காசை வாயிலிலேயே தடுத்து நிறுத்திவிடலாகாது. அட்டை வாங்க இயலாதவர், படிக்கத் தெரியாதவர், ஊருக்குப் புதியவர் ஆகியோர் எக்காலத்தும் இருப்பர். அவர்களையும் ஏற்றிச் செல்வதே பொதுப் போக்குவரத்து எனப்படும். 2021 மே மாதம் தமிழ்நாட்டு அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கப்பெற்றது. அன்று பேருந்தில் ஏறிய உழவுப் பெண்ணிடம் அட்டையும் இல்லை, காசும் இல்லை. ஆயினும் அவள் சமமாக அமர்ந்து சென்றாள். செல்வம் உடையவன் எவ்வாறு பணம் செலுத்துகிறான் என்பதைக் கொண்டு ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அளவிடலாகாது. ஏதும் இல்லாதவன் வழியில் நின்றுவிடாமல் ஊர் போய்ச் சேர்கிறானா என்பதே உண்மையான அளவுகோல்.

மாணவர்களே! தகடூர் என்று பண்டு பெயர் பெற்ற நம் ஊரை ஆண்ட அதியமான், தான் உண்டால் நெடுநாள் வாழலாம் என்னும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையார்க்கு ஈந்தான். அரியது ஒன்று கையில் கிடைத்தால் அதனைப் பிறர்க்கும் பயன்படச் செய்தல் இம்மண்ணின் மரபு. புதிய கருவிகளைப் பற்றிய அறிவும் அத்தகைய அரிய கனியே. உங்கள் வீட்டில் அட்டையைக் கண்டு அஞ்சும் தாத்தாவோ பாட்டியோ இருப்பின், அவர்கள் அருகில் அமர்ந்து பொறுமையோடு சொல்லிக்கொடுங்கள். அவர்கள் கையைப் பற்றிக் கருவியின் அருகே கொண்டு செல்லுங்கள். திரையில் தோன்றும் மீதியை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

இத்தகைய அட்டை என்றேனும் ஒருநாள் நம் தருமபுரிப் பேருந்துகளிலும் பரவலாம். அன்று நடத்துநர் சீட்டின் பின்புறத்தில் மீதியைக் குறித்துக் கொடுக்கவேண்டி இராது. சில்லறைக்காகப் பூசலும் இராது. அப்பொழுது மிச்சமாகும் நேரத்தில் அவர், ஏறத் தடுமாறும் ஒரு முதியவரைக் கைதூக்கி ஏற்றிவிடுவாராயின், அதுவே அவ்வட்டையால் நாம் பெறும் பெரும்பயன் ஆகும்.

பயிற்சி

1. அட்டைகளை எம்மூவகையாகப் பிரிக்கலாம்? ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டுத் தருக.
2. மின்கலம் இல்லாத அட்டை தொழிற்படுவது எவ்வாறு?
3. சென்ட்ரல் நிலையத்தில் முதியவர்க்குக் கதவு திறவாமைக்குக் காரணம் யாது?
4. சிங்கப்பூர் மக்கள் புதிய முறையை ஏற்க மறுத்தது ஏன்? அதனால் விளைந்தது என்ன?
5. பயண அட்டைக்கும் பாஸ்டேக் ஒட்டுச்சீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
6. 'அட்டை வந்தாலும் காசைத் தடுக்கலாகாது' — இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.
7. பிரித்து எழுதுக: அவ்வட்டை, எவ்வெந்நாடுகள், அந்நெரிசல், தனித்தனி.